ஒரு ராம்பை உடைத்த பிறகு நான் பிளான் பிரிண்ட் எடுக்கும் விதம்

மட்டக்களப்புக் கல்லடியில் இருந்து வீட்டுப் பிளான் கீறுவது என் தொழில். பெரிய கட்டடங்கள் எதுவும் இல்லை. வீடு, கடையோடு சேர்ந்த வீடு, எப்போதாவது ஒரு பாலர் பாடசாலை, அவ்வளவுதான். ஒரு வீட்டுக்கு எட்டுத் தாள், மிஞ்சினால் பத்துத் தாள் வரும். இந்தச் சின்ன வேலையில் திருத்தங்களுக்கென்று ஒரு முறை எதற்கு, எல்லாம் மண்டைக்குள்தானே இருக்கிறது என்று பல வருடம் ஓட்டினேன். ஆரையம்பதியில் சக்கர நாற்காலி ஏறக் கட்டி முடித்த சரிவுப் பாதை ஒன்றை, அதாவது ராம்பை, என் கண் முன்னாலேயே அலவாங்கு போட்டு உடைத்த அன்றைக்குத்தான் மண்டையை நம்புவதை விட்டேன்.

நடந்தது இதுதான். வீட்டுக்காரர் ஓய்வுபெற்ற ரீச்சர். காசு அனுப்புகிறவர் லண்டனில் இருக்கும் மகன். ரீச்சரின் அம்மா சக்கர நாற்காலியில் இருக்கிறார், அதனால் முன் விறாந்தைக்கு ஒரு ராம்ப் வேண்டும் என்று முதல் நாளே சொல்லியிருந்தார்கள். தரையிலிருந்து வீட்டுத் தளம் 450 மில்லிமீற்றர் உயரம், ஒரு பங்கு உயரத்துக்குப் பன்னிரண்டு பங்கு நீளம், ஒன்றுக்குப் பன்னிரண்டு என்ற சரிவு, ஆகவே ராம்ப் 5.4 மீற்றர் நீளம். விறாந்தை ஓரத்திலிருந்து கேட் வரைக்கும் 6.2 மீற்றர் இருந்தது, கச்சிதமாகப் பொருந்தியது. ரிவிஷன் ஏ (பிளான் திருத்தப்படும் ஒவ்வொரு தடவையும் இந்த எழுத்து பீ, சீ என்று ஏறும்) என்று போட்டு சைற்றுக்கும் கொடுத்துவிட்டேன். அத்திவாரம் வெட்டுவதற்குள் கார்த்திகை மழை பிடித்துக்கொண்டது. எங்கள் பக்கம் மாரி எப்படியென்று தெரியும்தானே, ஒரு பக்கம் வாவி, மறுபக்கம் கடல், நடுவில் கிடக்கும் மணலில் எவ்வளவு தண்ணீர்தான் இறங்கும். வளவில் முழங்கால் அளவு நின்ற தண்ணீரைப் பார்த்துவிட்டு ரீச்சர் எனக்குப் போன் எடுத்தார். "மகன், வீட்ட இன்னும் ஒரு அடி உயர்த்தி விடுங்க, நாங்க கட்டில்ல ஏறி இருக்க ஏலாது."

நியாயமான கேள்வி. சரி என்றேன். அன்றிரவே கொம்பியூட்டரைத் திறந்து, வீட்டை நிலைக்குத்தாக வெட்டிக் காட்டும் வெட்டுமுகத் தாளில் 450 என்று இருந்ததை 750 ஆக்கினேன், முகப்புத் தாளில் கட்டடத்தைத் தூக்கி வைத்தேன், ரிவிஷன் பீ என்று எழுதினேன், பிரிண்ட் எடுத்துக் கொடுத்தேன். அரை மணித்தியால வேலை.

ஒரு சுவர் நகர்ந்தால் பிளானைப் பார்க்கிற எவருக்கும் தெரியும். தளத்தை உயர்த்தினால் நிலப்பிளானில் ஒரு கோடுகூட அசையாது, அறைகள் அப்படியே இருக்கும், யன்னல்கள் அப்படியே இருக்கும். அதனால்தான் நிலப்பிளான் தாளைத் திறந்து பார்க்கவே எனக்குத் தோன்றவில்லை. அந்தத் தாளில் முன் படி மூன்றுதான் இருந்தது. ராம்ப் அதே 5.4 மீற்றர்தான். வளவுப் பிளானிலும் அதே கதை.

மேசன் பாஸ் நாற்பது வருட அனுபவம் உள்ளவர். படியில் அவரை ஏமாற்ற முடியாது. 750ஐ மூன்றால் பிரித்தால் ஒரு படி 250 உயரம் வரும், எந்த மனிதன் ஏறுவான் என்று சொல்லி அவரே ஐந்து படியாக மாற்றிக் கட்டிவிட்டார். எனக்குச் சொல்லவும் இல்லை, இந்தச் சின்ன விசயத்துக்கெல்லாம் போன் எடுப்பாரா. ஆனால் ராம்ப் அவருக்குப் பழக்கமில்லாத சாமான். தாளில் 5.4 என்று இருந்தது, 5.4 கட்டினார். சரிவு ஒன்றுக்கு ஏழு ஆகிவிட்டது. கொங்கிரீட் காய்ந்த பிறகு அம்மம்மாவை உட்கார வைத்துத் தள்ளிப் பார்த்தார்கள். பேரன் வயதுப் பொடியன் ஒருவன் முழுப் பலத்தோடு தள்ளியும் பாதியில் நின்று, பின்பக்கமாக வழுக்கத் தொடங்கி, இரண்டு பேர் ஓடிப்போய்ப் பிடித்தார்களாம். நான் அங்கே இல்லை. அடுத்த நாள் போனபோது பாஸ் என் தாளை விரித்து வைத்துக்கொண்டு, சத்தம் போடாமல், "பிளான்ல இருக்கிறதத்தானே தம்பி கட்டின" என்றார். அவர் திட்டியிருந்தால்கூடப் பரவாயில்லை.

சரியான கணக்குக்கு 9 மீற்றர் வேண்டும், கேட்டைத் தாண்டித் தெருவுக்குப் போய்விடும். கடைசியில் 4.5 மீற்றர் இறங்கி, 1.5 மீற்றர் தட்டையான இடத்தில் திரும்பி, மறுபடி 4.5 மீற்றர் வீட்டுப் பக்கமாக வருகிற மாதிரி மாற்றினோம். முன்னால் ரோசாச் செடிக்கென்று ரீச்சர் விட்டிருந்த இடம் போய்விட்டது. உடைக்கிற கூலியும் சீமெந்தும் என் கணக்கில்.

அதற்குப் பிறகு நான் மாற்றிக்கொண்டவற்றில் முதலாவது கொம்பியூட்டர் சம்பந்தப்பட்டதே இல்லை. யாராவது ஒரு மாற்றம் சொன்னால் உடனே கோப்பைத் திறப்பதில்லை. முந்தைய பிரிண்ட் முழுவதையும் மேசையில் விரித்து, சிவப்புப் பேனாவோடு ஒவ்வொரு தாளாக, இந்த மாற்றம் இந்தத் தாளில் எங்கே படும் என்று குறித்துக்கொண்டு போகிறேன். தளத்தை உயர்த்தினால் படி, ராம்ப், வெட்டுமுகம், நாலு பக்க முகப்பு, அத்திவார விவரம், கழிவுநீர்க் குழாய் குழிக்குப் போய்ச் சேரும் மட்டம். ஒரு கதவைத் தள்ளி வைத்தால் கதவு அட்டவணை, மின்சாரத் தாளில் சுவிட்ச் இருக்கும் பக்கம், கதவுக்கு மேலே சுவரைத் தாங்கும் லின்டல். பாத்ரூமை மாற்றினால் சொல்லவே வேண்டாம், கழிவுக் குழி கிட்டப் போய்விடாதபடி கிணறு எந்த மூலையில் இருக்கிறது என்பதிலிருந்து தொடங்க வேண்டும். எல்லாத் தாளையும் குறித்து முடித்த பிறகுதான் மௌஸைத் தொடுகிறேன், ஒவ்வொன்றாகத் திருத்தித் திருத்திச் சிவப்புக்கு மேல் பச்சையால் அடித்துக்கொண்டு வருகிறேன். பச்சை விழாத சிவப்பு ஒன்று மிஞ்சினாலும் பிரிண்ட் இல்லை.

ஒரே வீட்டுப் பிளானை மின்சாரத் தாளுக்கு ஒரு பிரதி, தண்ணீர்க் குழாய்த் தாளுக்கு ஒரு பிரதி என்று வெட்டி ஒட்டி வைத்திருப்பவர்கள் தயவுசெய்து நிறுத்துங்கள். பிளான் கீறும் மென்பொருளான ஓட்டோகேட்டில் எக்ஸ்ரெஃப் என்று ஒன்று எத்தனையோ காலமாக இருக்கிறது. பிளான் ஒரு கோப்பு, மற்றத் தாள்கள் எல்லாம் அதை அழைத்துக் காட்டும். சுவரை ஓரிடத்தில் நகர்த்தினால் எல்லாத் தாளிலும் நகரும். நானும் இதைப் படிக்கச் சோம்பல்பட்டு ஏழெட்டு வருடம் வெட்டி ஒட்டினவன்தான்.

திருத்த அட்டவணையில் எழுதுவது பற்றி. முன்பெல்லாம் "வீட்டுக்காரர் சொன்ன மாற்றங்கள்" என்று எழுதுவேன். இது ஒன்றும் எழுதாததற்குச் சமம். இப்போது "தளம் 450இலிருந்து 750, முன் படி 3இலிருந்து 5, ராம்ப் திரும்பி வரும்படி மாற்றம்" என்று எழுதுகிறேன், பக்கத்தில் திகதி. ஆறு மாதம் கழித்து யார் எப்போது என்ன சொன்னார் என்று பேச்சு வரும்போது, வரும், இந்த ஒரு வரிதான் கைகொடுக்கும்.

மாறிய இடத்தைச் சுற்றி முகில் போல வளைவு வளைவாகக் கீறி, பக்கத்தில் முக்கோணத்துக்குள் ரிவிஷன் எழுத்தைப் போடுவது எல்லாருக்கும் தெரிந்ததுதான். நான் தொழில் பழகிய பெரியவர் டிரேசிங் தாள் காலத்து ஆள். முகிலைத் தாளின் பின்பக்கத்தில்தான் கீறுவார், அடுத்த திருத்தத்தில் அழிக்கும்போது முன்பக்கக் கோடுகள் கெடக்கூடாது என்பதற்காக. அவருடைய டிரேசிங் சுருளைத் தூக்கிக்கொண்டு, 1924இல் கட்டிய பழைய கல்லடிப் பாலத்தில் எதிர்ப்பக்க வாகனம் போகட்டும் என்று காத்து நின்ற நாட்கள் ஞாபகம் இருக்கிறது. அந்தப் பின்பக்கத்தின் இன்றைய வடிவம் தனி லேயர், கோப்புக்குள் வேண்டாதபோது அணைத்து வைக்கக்கூடிய ஓர் அடுக்கு. முகில்களை ஒவ்வொரு ரிவிஷனுக்கும் தனி லேயரில் வைத்து, புதிய பிரிண்டில் புதிய முகிலை மட்டும் காட்டுகிறேன், பழைய முகிலை அணைத்துவிட்டு அதன் முக்கோணத்தை மட்டும் விடுகிறேன். எல்லா முகிலையும் விட்டால் தாள் முழுக்க மாரி கட்டினது போலத்தான் இருக்கும், பாஸ் எதைப் பார்ப்பது. இன்னொன்று, முகில் கோடு அளவு எண்ணுக்கு மேல் போகக் கூடாது. 3க்கு மேல் வளைவு விழுந்தால் 8 ஆகிவிடும்.

எழுத்து எப்படிப் போடுவது என்பதில் தொழில்காரர்களுக்குள் சண்டை உண்டு. மாறிய தாளுக்கு மட்டும் எழுத்தை உயர்த்துவதுதான் முறை, மாறாத தாள் ஏயிலேயே இருக்கட்டும், முதல் தாளில் எந்தத் தாள் எந்த எழுத்தில் என்று பட்டியல் போடு என்பார்கள். ஐம்பது தாள் உள்ள கட்டடத்துக்கு அதுதான் சரி, பொறியியலாளர் இருப்பார், பட்டியலைப் பார்ப்பார். எட்டுத் தாள் வீட்டுக்கு நான் அப்படிச் செய்வதில்லை. ஒரு தாள் மாறினாலும் எட்டையும் அடுத்த எழுத்துக்கு ஏற்றி, எட்டையும் புதிதாகப் பிரிண்ட் எடுத்துக் கொடுத்துவிடுகிறேன். மாறாத தாளில் "மாற்றம் இல்லை" என்று ஒரு வரி. பேப்பர் காசு கொஞ்சம் கூடும். ஆனால் சைற்றில் கையிலிருக்கும் செட்டில் எல்லாத் தாளும் சீ, ஒன்று மட்டும் பீ என்றால், படிக்காத பிள்ளைக்கும் அது பிழையான தாள் என்று தெரிந்துவிடும். ரெவிட் என்ற மற்ற மென்பொருளைப் பாவிப்பவர்களுக்கு இன்னொரு வசதி: ரிவிஷன் பட்டியலில் இஷ்யூட் (கொடுத்தாயிற்று) என்று டிக் போட்டுவிட்டால் அதற்குரிய முகில்களில் அதன் பிறகு கை வைக்க விடாது. எனக்கு அந்தப் பூட்டு பிடித்திருக்கிறது. ஓட்டோகேட்டில் அதற்குப் பதிலாக "போனவை" என்று ஒரு ஃபோல்டர் வைத்திருக்கிறேன், உள்ளே திகதியும் எழுத்தும் போட்ட பீடிஎஃப் மட்டும். அதிலிருப்பதை நான் திறந்து பார்ப்பேன், மாற்ற மாட்டேன். "ஃபைனல்", "ஃபைனல்2", "கடைசி ஃபைனல்" என்று பெயர் வைத்த காலத்தில் எது சைற்றுக்குப் போனது என்று எனக்கே தெரியாது.

அளவு எண்ணைக் கையால் அடித்து மாற்றுவது இன்னொரு நோய். சுவர் 2990 காட்டுகிறது, 3000 என்று இருந்தால் நன்றாயிருக்கும், எண்ணுக்கு மேலேயே அடித்துவிடுவோம். அடுத்த ரிவிஷனில் சுவர் 300 தள்ளிப் போகும், எண் மட்டும் 3000 என்று அசையாமல் சிரித்துக்கொண்டு நிற்கும். மேசன் தாளை அளந்து பார்ப்பதில்லை, எண்ணைத்தான் வாசிப்பார், வாசிக்கவும் வேண்டும். பிரிண்டுக்கு முன் அளவுகளைத் தெரிவு செய்து, ப்ராபர்டீஸில் டெக்ஸ்ட் ஓவர்ரைட் (Text override) என்ற இடம் காலியாக இருக்கிறதா என்று பார்த்துவிடுங்கள். காலியில்லாத ஒவ்வொன்றும் ஒரு பொய்.

இனி யார் சொல்லி மாற்றுவது என்ற விசயம். ரீச்சர் பகலில் ஒன்று சொல்வார், லண்டன் மகன் நடு இரவில் வட்ஸ்அப்பில் குரல் பதிவு போடுவார், இரண்டு பேருக்கும் தெரியாமல் சாத்திரியார் வந்து ஈசான மூலையில் குசினி இருக்கக் கூடாது என்று சொல்லிவிட்டுப் போவார். மூன்று பேருக்கும் தலையாட்டினால் மூன்று வீடு கீற வேண்டியதுதான். இப்போது முதல் நாளே கேட்டுவிடுகிறேன்: முடிவு சொல்வது யார், ஒரு பெயர் சொல்லுங்கள். குரல் பதிவை ஏற்பதில்லை என்று சொல்ல முடியாது, சனம் கோபிக்கும். கேட்டுவிட்டு, நான் விளங்கிக்கொண்டதை எழுத்தில் திருப்பி அனுப்புகிறேன், "ஓம்" என்று அந்த ஒருவரிடமிருந்து பதில் வந்த பிறகுதான் சிவப்புப் பேனா. சாத்திரியாரை எப்போது கூப்பிடப் போகிறீர்கள் என்றும் கேட்டு, பிளான் தொடங்குமுன்பே அவரைக் கூட்டி வரச் சொல்கிறேன். சிரிக்காதீர்கள், என் ரிவிஷன்களில் பாதி இதனால் குறைந்தது. நிலை வைக்க நாள் குறித்துவிட்டால் அதற்கு ஒரு கிழமை முன்பிருந்தே திருத்தம் என்று கதவைத் திறப்பதில்லை. அதாவது பிளானின் கதவை.

பிரிண்ட் கடைக்குப் போவோம். கோப்பை அப்படியே கொண்டுபோய்க் கடைக் கொம்பியூட்டரில் திறக்கவே கூடாது. என் தமிழ்க் குறிப்புகள் எல்லாம் ஒரு காலத்தில், ஆங்கில எழுத்துகளின் இடத்தில் தமிழைக் காட்டும் பாமினி என்ற பழைய எழுத்துருவில் இருந்தன. கடைக் கொம்பியூட்டரில் பாமினி இல்லை. "மணல் நிரப்பி நன்கு இடிக்கவும்" என்று இருந்த இடத்தில் ஏதோ ஆங்கில எழுத்தும் அரைப்புள்ளியும் கலந்து வந்தது, நான் பார்க்காமலேயே சுருட்டிக்கொண்டு வந்துவிட்டேன். இப்போது யுனிகோட், அதுவும் பீடிஎஃப் ஆக்கி, அந்த பீடிஎஃபை என் போனில் ஒரு தடவை திறந்து பார்த்துவிட்டுத்தான் போகிறேன். போனில் சரியாகத் தெரிந்தால் கடையிலும் தெரியும்.

அளவுத்திட்டத்தையும் கவனியுங்கள். ஏ1 தாள் 594க்கு 841 மில்லிமீற்றர், ஏ3 அதில் நீள அகலம் இரண்டிலும் சரி பாதி. ஆகவே ஏ1இல் 1:100 என்று கீறியது ஏ3இல் 1:200 ஆகும், அதுவும் சரியாகச் சுருங்கினால். கடைத் தம்பி தாளுக்குப் பொருத்து என்பதில் கிளிக் பண்ணிவிட்டால் ஒரு கணக்கும் இல்லாத அளவில் வரும். இதற்கு நான் ஒவ்வொரு தாளின் கீழ் ஓரத்திலும் 100 மில்லிமீற்றர் நீளத்தில் ஒரு கோடு போட்டு வைத்திருக்கிறேன். முதல் தாள் வெளியே வந்ததும் அடிமட்டத்தை எடுத்து அந்தக் கோட்டை அளப்பேன். ஒரு தடவை 96 வந்தது. "என்ன அண்ணன், நாலு மில்லிமீற்றர்தானே" என்றான் பொடியன். 1:100இல் ஒரு 10 மீற்றர்ச் சுவருக்கு அது 400 மில்லிமீற்றர், ஒரு அடிக்கு மேல் என்று சொன்ன பிறகு, இப்போது நான் கேட்காமலே அவனே அளந்து காட்டுகிறான்.

பெரிய தாளில் எடுக்குமுன் ஏ3இல் ஒரு செட் சோதனைப் பிரிண்ட். திரையில் எத்தனை தடவை பார்த்தாலும் தெரியாத பிழை தாளில் வந்ததும் பல்லைக் காட்டும், ஏன் என்று எனக்கு விளங்கவில்லை, ஆனால் அப்படித்தான். கடைசித் தாளிலிருந்து முதல் தாளுக்கு வாசிப்பேன், முதல் தாளில் இருக்கும் கவனம் எட்டாவது தாளில் இருப்பதில்லை என்பதால். என் மனைவியிடம் கொடுத்து இந்தத் தாளில் படி எத்தனை, அந்தத் தாளில் எத்தனை என்று எண்ணச் சொல்வேன். அவவுக்குப் பிளான் வாசிக்கத் தெரியாது, எண்ணத் தெரியும். ராம்ப் விசயத்தில் அது போதுமாக இருந்திருக்கும்.

பிரிண்டோடு வேலை முடிவதில்லை, பழைய தாள் சைற்றில் இருக்கும் வரைக்கும் அது வீடு கட்டிக்கொண்டே இருக்கும். புதிய செட்டைக் கொடுக்கும்போது பழையதை வாங்கிக்கொண்டுதான் திரும்புகிறேன். கிழிந்திருந்தாலும், சாந்து பட்டிருந்தாலும், மேசையில் விரித்துச் சோறு சாப்பிட்டிருந்தாலும் பரவாயில்லை, வாங்கிக் குறுக்கே கோடு போட்டு "ரத்து" என்று எழுதிவிடுவேன். நாற்பது பக்கக் கொப்பி ஒன்றில் திகதி, எழுத்து, எத்தனை செட், யார் வாங்கியது, ஒரு கையெழுத்து. போனில் இருக்கும் படங்கள்தான் கள்ளன். பாஸ் ரிவிஷன் பீயைப் படம் பிடித்துக் கம்பி கட்டுகிறவருக்கு அனுப்பியிருப்பார், அவர் அதைப் பார்த்து வெட்டிக்கொண்டிருப்பார். அந்தப் படங்களை யாரும் அழிக்கப்போவதில்லை. அதனால் ரிவிஷன் எழுத்தைத் தாளின் வலது கீழ் மூலையில் பெட்டிக்குள் ஒளிக்காமல், 25 மில்லிமீற்றர் உயரத்தில் பெரிதாகப் போடுகிறேன், அரைகுறையாகப் பிடித்த படத்திலும் விழட்டும். மழைக் காலத்தில் தாளைக் கொண்டுபோக நாலு அங்குல பீவீசீ குழாய் ஒரு துண்டு, இரண்டு பக்கமும் மூடி. இன்க்ஜெட் பிரிண்டில் நாலு துளி விழுந்தால் போதும், அந்த இடத்து எண் நீலக் குளமாகிவிடும்.

மாநகர சபையோ பிரதேச சபையோ முத்திரை குத்தித் தந்த செட்டை இந்தக் கூட்டத்தோடு கலக்காதீர்கள். அது தனிக் கோப்பு, தனி உறை, வீட்டுக்காரர் கையில். வெளிச்சுவர், உயரம், எல்லையிலிருந்து விட்ட இடம் போன்றவை மாறினால் உங்கள் எழுத்தை உயர்த்தினால் மட்டும் போதாது, கேட்டு அனுமதி எடுக்க வேண்டும், இல்லாவிட்டால் வீடு முடிந்து, அனுமதிப்படி கட்டியது என்ற சான்றிதழான சீஓசீ எடுக்கப் போகும்போது மாட்டுவது வீட்டுக்காரர். ரீச்சர் வீட்டில் தளத்தை உயர்த்தியபோதும் நான் முதலில் போயிருக்க வேண்டிய இடம் அதுதான், பிறகுதான் போனேன்.

அந்த வீட்டுக்கு ரிவிஷன் சீயில் ராம்ப் சரியாயிற்று. அதற்குப் பிறகு குசினி யன்னல் ஒன்று மாறியதால் டீயும் வந்தது. டீயைக் கொடுத்த அடுத்த நாள் காலையில் பாஸுக்குப் போன் எடுத்து, இப்போது எவரோடும் கேட்கிற முதல் கேள்வியைக் கேட்டேன், "பாஸ், கையில இருக்கிறது என்ன?"

"பிளேன்டீ" என்றார்.

பிளான் டீ என்றுதான் என் காதில் விழுந்தது. நல்லது, பழைய தாள் அங்கே இல்லையே, வேலையைத் தொடங்குங்கள் என்றேன். அந்தப் பக்கம் கொஞ்ச நேரம் சத்தமில்லை. பிறகு, "தம்பி, நான் தேத்தண்ணிதான் குடிச்சிட்டிருக்கன். பிளான இன்னும் விரிக்கல்ல."

விரித்து எழுத்தை வாசிக்கச் சொன்னேன். டீதான்.